ஆயிரம் வாத்துகளில் எங்கள் துரை

சென்ற தை மாதம், பொங்கல் முடிந்து எங்கள் பக்கத்தில் நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் விழுப்புரத்தில் ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. ஒரே மகளைப் புதுச்சேரியில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் நானும் ஒரு வாத்தும்தான். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் இருந்தோம்.

அது என் மனைவியின் வாத்து. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பும்போது நாலைந்து வாத்து முட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முட்டை உடையக் கூடாது என்று வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தாளாம். வாத்து தன் முட்டையின் மேல் ஒழுங்காக உட்காராது. அதனால் எங்கள் ஊரில் அதை அடைக்கோழிக்கு அடியில்தான் வைப்பார்கள். அவளும் வைத்தாள். மற்றதெல்லாம் கூமுட்டையாகிவிட, ஒன்று மட்டும் பொரிந்தது.

கோழி அதைத் தன் பிள்ளை என்றே நம்பிவிட்டது. துணி துவைக்கிற தொட்டியில் அந்தக் குஞ்சு முதல் தடவை குதித்து நீந்தியபோது கோழி போட்ட கூச்சல் இருக்கிறதே, தெருவே கூடிவிட்டது. தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, விளிம்பில் ஏறி எட்டிப் பார்க்கிறது, இறக்கையை அடித்துக்கொள்கிறது. குஞ்சோ ஒன்றும் நடக்காதது போல உள்ளே சுற்றி வருகிறது. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, ஜல்தி வந்து பாருங்களேன்! புள்ள முழுகிட்சின்னு இவ அழுவுறா!"

சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். எனக்கு அவள் அப்படிச் சிரித்ததுதான் ஞாபகம் இருக்கிறது, வாத்து நீந்தியது அல்ல.

வளர வளர அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெரிய அதிகாரி பார்வையிட வந்த மாதிரி வாசலில் நடக்கும். அதனால் துரை என்று பெயர் வைத்தாள். ஒரு நாள் காலையில் துரை முட்டை போட்டுவிட்டார். "அது தொரை இல்லடி, தொரைசாணி" என்று சொல்லிப் பார்த்தேன். "பேரு வெச்சா வெச்சதுதான், மாத்த முடியாது" என்று முடித்துவிட்டாள்.

எனக்கும் துரைக்கும் ஒத்துவராது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்துத்தான் அது என் கணுக்காலைக் கொத்தும். செருப்பை வெளியே விட முடியாது, அதன் மேல்தான் எச்சம் போடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் "நாளைக்கி கொழம்புதான்" என்று நான் மிரட்டுவதும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து அவள் சாம்பார் வைப்பதும் வழக்கமாகிப் போயிற்று.

அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். ரவிக்கை தைக்க மதியம் மிஷினில் உட்கார்ந்தால் வாத்தும் உள்ளே வந்துவிடும். அவள் கால் பக்கத்தில் படுத்து, ஒரு பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கும். அதை எழுப்ப மனசில்லாமல் இன்னொரு காலால் மட்டும் மிதித்துத் தைத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அது வாய்க்காலில் மேய்ந்துகொண்டிருந்தால், பின்வாசலில் நின்று ராகம் போட்டுக் கூப்பிடுவாள். "தொரே... வாங்க தொரே... சாப்ட வாங்க!" அவ்வளவுதான். எங்கே இருந்தாலும் இறக்கையை விரித்துக்கொண்டு, விழுந்து எழுந்து ஓடி வரும்.

ஐப்பசியில், நல்ல மழைநாளில், அந்த மிஷினில் உட்கார்ந்தபடியே அவள் சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தபோது நான் விழுப்புரத்தில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

முப்பதாம் நாள் பூசை வைத்தோம். மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, பேச வரவில்லை. போனில் மகள் "அம்மா இருந்தா..." என்று ஆரம்பித்தாலே, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதாவது சொல்லிப் போனை வைத்துவிடுவேன். கடையில் இருப்பவர்களும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

துரை மட்டும் தினமும் மதியம் பூட்டாத பின்வாசல் வழியாக உள்ளே போய்த் தையல் மிஷினுக்கு அடியில் படுத்துக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். நான் வருகிற நேரத்திலும் அங்கேதான் இருக்கும். பாதம் இல்லை, அதனால் இரும்பு மிதியின் மேல் தலையை வைத்திருக்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வீட்டில் அவளைத் தேட என்னைத் தவிர இன்னொரு உயிரும் இருக்கிறதே என்று தோன்றியது. அன்று முதல் என் தட்டையும் அங்கேயே வைத்துச் சாப்பிட்டேன். என்னைக் கொத்துவதைக்கூட அது விட்டுவிட்டது, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

இப்படி இருக்கும்போதுதான் வாத்து மேய்க்கிறவர்கள் வந்தார்கள். எங்கள் பக்கம் வருஷா வருஷம் வருவார்கள். அறுத்த கழனியில் சிந்தின நெல், நத்தை, புழு எல்லாவற்றையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். ஆயிரத்துக்குக் குறையாமல் இருக்கும். ஒரு நீளக் கோலின் முனையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி ஆட்டிக்கொண்டே அத்தனையையும் ஓட்டிப் போவார்கள். ராத்திரி வலையைச் சுற்றிக் கட்டி அடைப்பார்கள். நாலைந்து நாளில் அடுத்த ஊர்.

அன்று சாயங்காலம் பஸ் இறங்கி வந்தால் பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலேயே நிற்கிறாள்.

"அண்ணா, உங்க தொரை அந்தக் கும்பலோட போயிட்சிண்ணா. வாய்க்கா மேல போய்க்கினு இருந்தாங்க, இதுவும் சேந்துகினு போவுது. நான் எவ்ளோ கூவுனேன் தெரியுமா? திரும்பிக்கூடப் பாக்கல."

உள்ளே போனேன். மிஷினுக்கு அடியில் ஒன்றுமில்லை. அவள் இறந்த அன்றுகூட அந்த வீடு அவ்வளவு காலியாக இருக்கவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டுக் கேட்டுப் போய், மதியத்துக்கு மேல் ஓர் ஏரிக்கரைக் கழனியில் கண்டுபிடித்தேன். கண்ணுக்கு எட்டின வரைக்கும் வாத்து. எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு நிறம், துரையும் அதே நிறம்தான். கரையில் ஒரு அம்மா கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் கோலோடு தண்ணீர் ஓரமாக நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு வாத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார்கள். "பாத்தீங்களாண்ணா? எங்க வாத்துக்கெல்லாம் குஞ்சுலயே எடது கால் சவ்வுல ஒரு வெட்டு போட்ருவோம். வேற கூட்டத்தோட கலந்தா தெரியணும்ல. வெட்டு இல்லன்னா அது உங்களுது. ஆனா இத்தினியில எங்கன்னு தேடுவீங்க? பேரு சொல்லிக் கூப்ட்டா வருமா?"

"வரும்."

"யாரு கூப்ட்டா வரும்?"

"என் வீட்டுக்காரி."

"அவங்கள இட்டுக்கினு வந்திருக்கலாம்லண்ணா?"

"அவ இல்லம்மா. ஐப்பசில தவறிட்டா."

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஒருவரிடம், சேற்றில் நின்றுகொண்டு.

அந்த அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள். பிறகு, "நீங்களே கூப்புடுங்கண்ணா. அவங்க எப்பிடிக் கூப்புடுவாங்களோ அப்பிடியே" என்றார்கள்.

எனக்குப் பாட்டும் வராது, ராகமும் வராது. சுற்றிலும் பார்த்துக்கொண்டேன். பிறகு வரப்பில் ஏறி நின்று கூப்பிட்டேன். "தொரே... வாங்க தொரே... சாப்ட வாங்க!" ஒரு நிமிஷம் அத்தனை வாத்தும் தலையைத் தூக்கின. எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. ஒன்றுகூட நகரவில்லை. பிறகு மறுபடியும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சேற்றைக் கிளற ஆரம்பித்துவிட்டன.

விடவில்லை. வரப்பு மேலேயே நடந்து நடந்து கூப்பிட்டேன். அவள் குரலில் கூப்பிட வேண்டும் என்று மெல்லிய குரலில் கூப்பிட்டேன். கடைசியில் நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தின்போது கல் மாதிரி நின்றவன், ஆயிரம் வாத்துக்கு முன்னால் அப்படி அழுதேன்.

"காலைல ஒரு லோடு ஏத்தி உட்டோமே, அதுல கிதுல..." என்று அந்த ஆள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "நீ சும்மா கெட" என்று அந்த அம்மா அதட்டினார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினார்கள். ஒன்றைப் பிடிப்பது, காலைப் பார்ப்பது, விடுவது, அடுத்தது. வெயில் சாய்கிற வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் தேடினார்கள். அவர்கள் வைத்த சோறு அடுப்பிலேயே காந்திப்போன வாசனை வந்தது.

கடைசியில் ஒரு வாத்தைத் துண்டில் காலோடு சேர்த்துச் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். "இந்தாங்கண்ணா, உங்க தொரை. பத்தரமா இட்டுக்கினு போங்க." அந்த அம்மாவின் முகம் முழுக்கச் சேறு. நான் கும்பிட்டேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே வந்தேன். "ஊர் சுத்துறியா? கும்பல கண்டா போதுமா உனுக்கு?" மனசு அவ்வளவு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து, லைட்டைப் போட்டு, மிஷின் பக்கத்தில் வைத்துத் துண்டை அவிழ்த்தேன். அது திருதிருவென்று விழித்துவிட்டு மூலைக்கு ஓடியது. பிடித்துத் தூக்கினேன். இடது கால் சவ்வில், ஓரமாக, பழைய வெட்டு ஒன்று இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களே என்று பல்லைக் கடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. காலையில் போன அந்த லோடு. கேரளாவுக்குக் கறிக்குப் போகிற லோடு. கணவர் வாயைத் திறந்தபோதே அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். இருந்தும் பொழுது சாய்கிற வரைக்கும் தேடியிருக்கிறார்கள். கிடைக்காமல், முட்டை போடுகிற தங்கள் வாத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அதுதானே பிழைப்பு. அழுகிற ஆளைச் சும்மா அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று விடிந்ததும் சைக்கிளில் போனேன். கழனியில் இறகுகளும் அடுப்புச் சாம்பலும்தான் கிடந்தன. லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நன்றிகூடச் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன்.

இந்த வாத்துக்கு எங்கள் வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. தொட்டி தெரியவில்லை, வாசல் தெரியவில்லை. தன் கூட்டத்தை நினைத்துக் கத்திக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் அதைப் பிடித்து மிஷினுக்கு அடியில் விட்டேன். "இங்கதான் உக்காந்துகினு தைப்பா" என்றேன். அது பார்த்தது. "யாருன்னு உனுக்குத் தெரியாதில்ல?" என்று கேட்டேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். முட்டையை முடிந்துகொண்டு பஸ்ஸில் நின்றது, கோழி கத்தியது, அவள் கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தது. நடுவில் மகளிடமிருந்து போன் வந்தது, பேச்சை நிறுத்தாமலேயே எடுத்தேன்.

"யார்கிட்டப்பா பேசிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"உங்கம்மாவப் பத்திதாம்மா" என்றேன். அவளும் அழுதாள். இரண்டு பேரும் வெகுநேரம் அவள் அம்மாவைப் பற்றியே பேசினோம்.

என் மனைவியைத் தெரிந்த ஒரு உயிர் வேண்டும் என்றுதான் அந்தக் கழனிக்குத் தேடிப் போனேன். அந்த அம்மா அவளைத் தெரியாத ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள், தெரியாதவர்களிடம்தானே அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, இதோ உங்களிடம் சொல்வதைப் போல.