எட்டு மணிக்குள் ஓர் அசைவு

வீடுகளில் கேமரா மாட்டுவதும் அதைப் பழுது பார்ப்பதும் அவள் வேலை. ஸ்கூட்டரின் பக்கவாட்டில் ஒரு மடக்கு ஏணியைக் கட்டிக்கொண்டுதான் எங்கேயும் போவாள். அதனால் ஏணியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்து மூன்று. முன்பு பதினோரு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் சரிபார்க்கும் மேசையில் இருந்தாள். ஒரு தையல் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தொழிற்சாலையை மூடியபோது, நாத்தனார் புருஷன் தன் கேமரா கடையில் போன் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். புகார்களைக் கேட்டுக் கேட்டே பாதித் தொழிலைக் கற்றாள். மீதியை ஏணி மேல் நின்று கற்றாள். ஆரம்பத்தில் கதவைத் திறக்கிறவர்கள் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலையா?" என்பார்கள். "வந்தாச்சு, அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்பாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. போன வீட்டில் எதையும் உடனே தொட மாட்டாள். அரை மணி நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்து, அங்கே என்னென்ன அசைகிறது என்று பார்ப்பாள். "அந்த நேரத்துல இன்னொரு வீட்டை முடிச்சிடலாம்" என்று கடைக்காரர் சலித்துக்கொள்வார். ஆனால் அவள் போய் வந்த வீட்டிலிருந்து இரண்டாம் முறை புகார் வந்ததில்லை. அதனால் அதற்கு மேல் பேச மாட்டார்.

கண்டக்டர் வீட்டுக்கு அவளை வரச் சொன்னது அவருடைய மகள். கண்டக்டர் பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தார். வெளியூரில் நர்சாக இருக்கும் மகள், லீவில் வந்தபோது கூடம், சமையலறை, படுக்கையறை மூன்றிலும் கேமரா மாட்டிவிட்டுப் போயிருந்தாள். எது அசைந்தாலும் பதிவாகும். உடனே அவள் போனும் ஒலிக்கும்.

"எதையும் விட்டுடாம பிடிக்கிற மாதிரி இன்னும் கூட்டி வைங்கக்கா" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

கண்டக்டரோ வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாம்மா. எல்லாத்தையும் குறைச்சு வச்சிடு. தண்ணி குடிக்க எழுந்தா போன் பண்றா, தும்மினா போன் பண்றா. முப்பது வருஷம் ஒரு பஸ் ஜனமே என்னைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அப்பக்கூட எனக்கு இவ்வளவு கூச்சம் வரல."

படுக்கையறை கேமராவின் தலையில் ஒரு கம்பளிக் குல்லா மாட்டியிருந்தது.

"இது என்னங்கய்யா?"

"அதுக்குக் குளிருமேன்னுதான்."

ஏணியக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். மின்விசிறிக் காற்றில் காலண்டர் தாள் படபடத்தது. ஜன்னல் திரை உப்பி அடங்கியது. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக வந்து, சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போனது. கண்டக்டர் அசைந்தது இரண்டே முறை.

பிறகு அவருடைய போனை வாங்கி முந்தின நாள் பதிவுகளைப் பார்த்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினாலு. கண்டக்டர் இருந்தது பத்தொன்பதில். பூனை முப்பத்தொன்றில் இருந்தது. மீதி முழுக்கக் காலண்டரும் திரையும்தான்.

அதற்கும் முந்தைய நாட்களைத் தள்ளிப் பார்த்தபோது, செவ்வாய்க்கிழமைப் பதிவு ஒன்றில் அவள் விரல் நின்றது. கண்டக்டர் கூடத்தில் வழுக்கி விழுகிறார். கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் சோபாவைப் பிடித்து எழுந்திருக்கிறார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்டக்டர் முகத்தில் விளையாட்டு போய்விட்டது.

"அவகிட்ட சொல்லிடாதம்மா. முட்டியில லேசான சிராய்ப்புதான்."

"நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிடுங்கய்யா."

வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். "எனக்குத் தகவல் வந்திருக்கணுமே" என்றாள் மகள்.

ஏணியக்கா போனை வாங்கினாள். "வந்துச்சும்மா. காலண்டருக்கும் பூனைக்கும் நடுவுல வந்துச்சு. ஒரு நாளைக்கு இருநூறு தடவை போன் அடிச்சா யாராலதான் பார்க்க முடியும்? கூட்டி வைக்கக் கூடாது, பொறுக்கி வைக்கணும். அரை மணி நேரம் கொடுங்க."

படுக்கையறை கேமராவைக் குல்லாவோடு கழற்றினாள். கூடத்துக் கேமராவின் படத்தில் விரலால் கட்டம் போட்டு, காலண்டரையும் திரையையும் வெளியே விட்டாள். கூடத்திலும் சமையலறையிலும் மனித உருவம் தெரிந்தால் மட்டும் பதியச் சொன்னாள்; பூனைக்கு விடுதலை கிடைத்தது. பதிவு இருக்கும், போன் அடிக்காது. கடைசியாகச் சமையலறைக் கேமராவில் யாரும் சீந்தாத ஒரு வசதியைத் தேடி எடுத்தாள். அசைந்தால் அல்ல, அசையாவிட்டால் தகவல் அனுப்புவது.

"காலையில முதல்ல என்ன செய்வீங்கய்யா?"

"அடுப்படிக்குப் போய் டீ போடுவேன். ஆறரைக்கெல்லாம் குடிச்சு முடிச்சிடுவேன்."

"ஆறு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் அடுப்படியில ஒரு அசைவும் இல்லன்னாதான் மக போன் அடிக்கும். மத்தபடி நீங்க தும்மலாம்."

எட்டு நாள் நிம்மதியாகப் போனது. ஒன்பதாம் நாள் காலை எட்டுக்கு மகளின் போன் ஒலித்தது. அப்பாவை அழைத்தாள், எடுக்கவில்லை. கேமராவில் பார்த்தாள், கூடத்திலும் அடுப்படியிலும் ஆளில்லை; படுக்கையறையில் விழுந்து கிடக்கிறாரோ என்று ஏணியக்காவைக் கூப்பிட்டாள். இரண்டு தெரு தள்ளி ஏணி மேல் நின்றிருந்தவள், ஏணியை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரை விரட்டினாள். கதவோடு பதித்த பூட்டு; உள்ளேயிருந்து பூட்டியதா வெளியேயிருந்தா என்று தெரியவில்லை. தட்டினாள், கூப்பிட்டாள். உள்ளே போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பூட்டின் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். இரண்டு ஸ்க்ரூ வெளியே வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என் கதவு உன்னை என்னம்மா பண்ணுச்சு?"

கண்டக்டர் நின்றிருந்தார். பக்கத்தில் அவரோடு ஒரே பஸ்ஸில் ஓடிய பழைய டிரைவர், முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி.

"இவனுக்கு ரத்த டெஸ்ட், வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க. அவன் பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் டீ குடிச்சா நல்லாவா இருக்கும்? அஞ்சே முக்காலுக்கே கிளம்பிட்டோம். போனை மறந்து வச்சிட்டேன்."

ஏணியக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். மகளிடம் பேசச் சொல்லிப் போனை நீட்டினாள். ஐந்து நிமிடம் வசவு விழுந்தது. "எட்டு மணி ஆனதும் டாண்ணு கண்டுபிடிச்சிட்டியேடி" என்று கடைசியில் கண்டக்டர் சொல்ல, வசவு நின்று சிரிப்பு வந்தது.

கழற்றி வைத்திருந்த படுக்கையறைக் கேமராவை ஏணியக்கா அன்றே வாசலுக்கு மேல் மாட்டினாள். வெளியே போகும்போது கண்டக்டர் அண்ணாந்து கையை உயர்த்திவிட்டுப் போவது வழக்கமாயிற்று. மகளின் அழைப்பு இப்போது மாலையில் ஒரு முறைதான். எங்கே போறீங்க, ஏன் எழுந்தீங்க என்ற விசாரணை போய், அவள் வார்டில் நடக்கும் கூத்துகளைச் சொல்கிறாள். அவர் மறுநாள் டிரைவரிடம் அதைக் காது மூக்கு வைத்துச் சொல்கிறார்.

அந்த வாரமே டிரைவர் கடைக்கு வந்துவிட்டார். கடைக்காரர் எழுந்து வரவேற்றும், நேராக ஏணியக்காவின் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"கண்டக்டர் வீட்டுல வச்ச மாதிரியே எனக்கும் வேணும்மா. ஆனா பத்து மணின்னு வை. எட்டு மணிக்கெல்லாம் நான் எழுந்தா, எம் பையன் அதுக்குத்தான் பயப்படுவான்."