லோஞ்ச் ஓடுகிறவரின் மகள்

பிள்ளை சரியாக எழுதியதைத் தாய் பிழையென்று வெட்டிவிட்டால், அதன்பிறகு பிள்ளை தாயை நம்ப வேண்டுமா, தன்னை நம்ப வேண்டுமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் மகள் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஆங்கில தினம். ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் ஏறித் தகப்பனைப் பற்றி ஐந்து வசனம் பேச வேண்டும். நன்றாகப் பேசுகிறவருக்குப் பரிசு. லிங்கநகர் வீட்டில், சாப்பாட்டு மேசையில் இருந்து அவள் தானாகவே எழுதினாள். முதல் வசனம்: "மை ஃபாதர் ரன்ஸ் எ போட்."

துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற லோஞ்ச் என்ற மோட்டார் படகில் என் கணவருக்கு வேலை. எங்கள் ஊரில் யாரும் வாகனத்தை 'ஓட்டுவது' இல்லை, 'ஓடுவது'தான். பஸ் ஓடுகிறவர், லொறி ஓடுகிறவர், லோஞ்ச் ஓடுகிறவர். பிள்ளை அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். தலையில் லோஞ்சைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓடும் மனிதனை நினைத்து மண்டபமே சிரிப்பது என் காதில் கேட்டது. சிவப்புப் பேனையால் வெட்டி 'ட்ரைவ்ஸ்' என்று எழுதினேன்.

"ஏனம்மா வெட்டினனீங்கள்? அப்பா ஓடுறவர்தானே?"

"ஓம் பிள்ளை. ஆனா இங்கிலிஷில 'ரன்' எண்டா காலால ஓடுறது."

"அப்ப மூக்கு ஓடினா? அதுக்கும் 'ரன்' எண்டுதானே ரீச்சர் சொன்னவ. மூக்குக்கு எங்க கால்?"

பேச்சு மேலும் ஓடுமுன், "சொன்னதை எழுது" என்றேன்.

வேலையால் வந்த கணவர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இஞ்சாரும், 'ட்ரைவ்' பண்ண கடலில எங்க றோட்டு? இவ்வளவு வருசமா ஓடுறன், நீர் ஒரு பேனையால நிப்பாட்டிப்போட்டீர்."

அடுத்த நாள், நான் உயர்தரம் படித்த காலத்து அகராதியை அலுமாரியிலிருந்து எடுத்தேன். அந்தச் சின்னச் சொல்லுக்கு இரண்டு பக்கம் தாண்டியும் அர்த்தம். குழாயில் தண்ணீர், மணிக்கூடு, படம், கடை எல்லாம் எங்களுக்குப் போலவே இங்கிலிஷ்காரருக்கும் ஓடுகின்றன. சட்டையில் சாயம் எங்களுக்குப் போகும், அவர்களுக்கு ஓடும். தேர்தலுக்கு நாங்கள் நிற்கிறோம், அவர்கள் அதற்கும் ஓடுகிறார்கள். நடுப்பக்கத்தில் இருந்தது நான் தேடியது: இயந்திரத்தை இயக்குதல், தொழிலை நடத்துதல்.

அப்படியானால் பிள்ளை எழுதியது சரியா? அல்லது லோஞ்சே எங்களுடையது என்று அர்த்தம் வந்துவிடுமா? அடுத்தவனின் லோஞ்சை எங்களுடையது என்று மேடையில் பெருமையடித்ததாகி விடாதா? இப்படியும் அப்படியுமாக யோசித்துக் கடைசியில் அவளிடம், "ரெண்டும் சரிதான் போல. ஆனா நீ 'ட்ரைவ்ஸ்' எண்டே சொல்லு, அதில பயமில்லை" என்றேன்.

அதுதான் நான் விட்ட பெரிய பிழை. அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, இது சரியோ? இது பிழையோ?" முன்பு எழுதி முடித்ததும் டப்பென்று கொப்பியை மூடுகிற பிள்ளை. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். காஸ் அடுப்பை நிறுத்தினேனா என்று மூன்று முறை குசினிக்குத் திரும்பிப் போகிறவளின் குரல். அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேனே என்ற பயம், பரிசைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஆங்கில தினத்தன்று கணவரும் லீவு போட்டு வந்தார். பின்வரிசைக் கதிரைகளில் இருந்தோம். மகள் மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தாள். என் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "மை ஃபாதர் ரன்ஸ் எ போட்" என்றாள்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நடுவராக இருந்த ஆசிரியை சிரிக்கவில்லை. தகப்பன் ஓடுகிறாரா, போட் ஓடுகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எழுதிக் கொடுக்காத கேள்வி.

"ஹி ரன்ஸ் த போட். த போட் ரன்ஸ் ஒன் த சீ. ஐ ரன் டு த ஜெட்டி" என்றாள் மகள், மூச்சு விடாமல்.

மண்டபம் கைதட்டியது. கணவர் என் தோளை இடித்தார். "என்னவாம்?"

"நீங்கள் லோஞ்ச் ஓடுறீங்களாம். லோஞ்ச் கடலில ஓடுதாம். நீங்கள் வரேக்க தான் இறங்குதுறைக்கு ஓடுறாளாம்."

"சரியாத்தானே சொல்லியிருக்கிறாள்! அதுக்கேன் நீர் அழுறீர்?"

முதல் பரிசு வேறு பிள்ளைக்கு. எங்களுக்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை. ஆனால் வீடு வரும்வரை என் தலை நிமிர்ந்தே இருந்தது. அவள் பேசியது என் வசனத்தை அல்ல, தன் வசனத்தை. என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பெருமை எனக்குக் கிடைத்ததில்லை.

இன்று பின்னேரம் என் கையெழுத்துக்காக மேசையில் கொப்பியை வைத்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள். சரியோ என்று கேட்கவில்லை. இம்முறை தாயைப் பற்றிய கட்டுரை. முதல் வரி: "மை மதர் ரன்ஸ் ஓல் டே."

நாள் முழுக்க நான் ஓடுகிறேனாம். மணிக்கூடு போலவா, இந்த வீட்டையே ஓடுகிறவள் என்றா, அல்லது பயந்து பயந்து அங்குமிங்கும் ஓடுகிறேன் என்றா? பேனை கையில் இருக்கிறது, இம்முறை நீலப் பேனை. பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: எந்த ஓட்டம் என்று அவளிடம் கேட்கட்டுமா, கேட்டால் பழையபடி சரியோ பிழையோ என்று தொடங்கிவிடுவாளா? ஒன்றும் கேட்காமல் கையெழுத்தைப் போட்டுவிடட்டுமா?