சுண்டிக்குளத்தில் முழு வட்டம்

சுண்டிக்குளம் தேசியப் பூங்காவில், காட்டுக்குள் நுழைந்து கடல்நீரேரியின் கரை வரை போய் மீண்டும் வாசலுக்கே வந்து சேரும் நடைபாதை ஒன்று இருப்பதாக என் கணவர் சொன்னார். அன்று தொடக்கம் மகளுக்கு வேறு கதை இல்லை. ஏரியில் இப்போது பூநாரைகள் வந்திருக்குமாம். அவற்றைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

அவளுக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே மூச்சிழுப்பு வந்துவிட்டது. ஓடினால் இழுக்கும், பனி பட்டால் இழுக்கும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை. போன கிளினிக்கில் டொக்டர், "இனி ஓடி விளையாட விடுங்கோ, அம்மாதான் பயத்தைக் குறைக்கவேணும்" என்று சிரித்தார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, அவர் சரியாகச் சோதித்துத்தான் சொன்னாரா என்று கணவரிடம் பலதரம் கேட்டேன்.

புறப்படும் காலையில் பையில் இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்து பம்ப், சுடுதண்ணீர்ப் போத்தல், துவாய், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் அடுக்கினேன். எங்களோடு வரவிருந்த மச்சாள், கணவரின் தங்கை, வாசலில் நின்று பார்த்தாள்.

"மச்சாள், காட்டுக்கோ போறம், ஆஸ்பத்திரிக்கோ? கட்டிலையும் மடிச்சு வைக்கிறதுதானே."

"உமக்குப் பிள்ளை பிறக்கட்டும், அப்ப கதைப்பம்."

வழியிலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நடைபாதை நடுவில் இரண்டாகப் பிரியும் என்று கணவர் விசாரித்து வைத்திருந்தார். அந்தக் கிளை வரை நடப்பது. அங்கே மகளின் மூச்சைப் பார்த்து, நல்லாயிருந்தால் முழு வட்டம். இல்லையென்றால் வந்த வழியே திரும்புவது. மகள் ஒத்துக்கொண்டாள். ஆனால் முகத்தைப் பார்த்தால் திரும்பி வருகிற எண்ணம் அவளுக்கு இல்லை என்று தெரிந்தது.

காட்டுக்குள் கால் வைத்தோம். எங்கள் சின்ன வயதில், யுத்த காலத்தில், காடு என்றால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைதான் கண்முன் வரும். இப்போது ஈரமணலில் மான் குளம்பு பதிந்திருந்தது. பாலை மரங்களுக்கு மேலே பெயர் தெரியாத பறவை ஒன்று விடாமல் கூவியது. மயில் ஒன்று எங்களைக் கண்டும் அவசரப்படாமல் பாதையைக் கடந்தது. மகள் என் கையைப் பிடித்திருந்தாளா, நான் அவளைப் பிடித்திருந்தேனா தெரியாது. இரண்டு பேரின் கையும் வேர்த்திருந்தது. "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு நானே விரைந்து நடந்தேன்.

அதுவரை மரங்களில் மஞ்சள் பெயின்ற் அடையாளம் இருந்தது. பாதை பிரிகிற இடத்தில் அதைக் காணவில்லை. ஆனால் வலப்பக்கப் பாதை தொடங்குகிற இடத்தில், ஒரு வீரை மரத்தடியில் முறித்த இலைக் குழைகள் குவிந்து கிடந்தன. சில காய்ந்தவை, சில பச்சை.

"இதுதான் வழி," என்றேன். "பெயின்ற் அழிஞ்சிருக்கும். ஆக்களுக்குத் தெரியட்டும் எண்டு குழை முறிச்சுப் போட்டிருக்கினம்."

"இல்லை அம்மா, உது பிள்ளையாருக்கு. காட்டுக்கை போறவை முறிச்சுப் போட்டிட்டுத்தான் போவினம்."

"ஆர் சொன்னது?"

"எங்கடை வகுப்பிலை ஒரு பிள்ளை. அவளின்ரை அப்பா தேன் எடுக்கப் போறவர்."

நாங்கள் பரம்பரையாக மிஷன் பள்ளியில் படித்து ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற ஆட்கள். இப்படி ஒரு வழக்கம் பெரியவர்கள் மூவருக்கும் தெரியாது. குழந்தைக் கதை என்று நினைத்து வலப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பாதை ஒடுங்கியது, முள் சட்டையில் கொளுவியது. கடைசியில் மாடுகள் படுத்தெழும்பிய ஒரு வெளியில் வந்து முடிந்துவிட்டது.

"நல்ல வழிகாட்டி!" என்று மச்சாள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "பூநாரையெல்லாம் சாணியாப் போச்சு."

சிரித்துக்கொண்டே திரும்பினோம். எனக்குள் மட்டும் கணக்கு ஓடியது. பிள்ளை வீணாக எவ்வளவு தூரம் நடந்துவிட்டாள்! கிளைக்கு வந்ததும் கணவர் இடப்பக்க மரத்தில் தொங்கிய கொடியை விலக்கினார். அடியில் மஞ்சள் பெயின்ற் பளிச்சென்று இருந்தது.

"நான் சொன்னனான்தானே," என்றாள் மகள். பிறகு ஒரு சின்னக் கொப்பை முறித்து, "நானும் போடட்டோ?" என்று கேட்டாள்.

போதகர் என்ன நினைப்பார் என்றுதான் எனக்கு முதலில் ஓடியது.

"போடட்டும் மச்சாள், ஞானஸ்நானம் கழண்டு விழாது," என்றாள் கணவரின் தங்கை.

போட்டாள். நான் குனிந்து, வழக்கம்போல அவள் முதுகில் காதை வைத்தேன். மூச்சு வேகமாக இருந்தது. அது களைப்பா, இழுப்பின் தொடக்கமா? என் இதயம் அடித்த சத்தத்தில் எதுவும் பிடிபடவில்லை.

"திரும்புவமோ?" என்று கணவரைப் பார்த்தேன்.

"நீர்தான் சொல்லவேணும்," என்றார்.

"அம்மா," என்றாள் மகள், "எனக்கு இழுத்தால் எனக்குத் தெரியும்தானே."

குழையைப் பற்றியும் அவள் சரியாகச் சொல்லத்தான் செய்தாள், நான்தான் கேட்கவில்லை. நான் எழும்பிப் பையைத் தோளில் போட்டேன்.

"சரி, நட. முழு வட்டம்."

அவள் முன்னால் போனாள். நான் கையைப் பிடிக்கவில்லை. மஞ்சள் அடையாளம் ஒவ்வொன்றையும் அவளே கண்டுபிடித்துக் கத்தினாள். மரங்கள் குட்டையாகி உப்புக்காற்று முகத்தில் அடித்தது. திடீரென்று காடு முடிந்து, நீரேரி கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடந்தது. அதன் நடுவில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள்.

மகள் ஓடத் தொடங்கினாள். "ஓடாதை" என்று வாய் வரை வந்துவிட்டது.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஓடு, சேறு!" என்று கத்தினேன்.

கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். பறவைகள் ஒரு பக்கமாக எழும்பின. சிறகுக்குள் இருந்த இளஞ்சிவப்பு வானத்தில் பரவியது. மச்சாள் கூவினாள். நானும் பையோடு மகளின் பின்னால் ஓடினேன்.

தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள் மகள். "கெதியா வாங்கோ அம்மா! உங்களுக்கு இழுக்குதோ?"

பதில் சொல்ல எனக்கு மூச்சு இருக்கவில்லை. கையை மட்டும் ஆட்டிக்கொண்டு ஓடினேன்.