யூலாலியின் வலது பக்கம்

பெனடிக்ற் பேசாலையில் பிறந்து வளர்ந்தவன். எண்பத்து நான்கில் லண்டனுக்கு வந்து, எட்மண்டனில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் நின்றது அடுப்புப் பக்கம். பாணை உறையிலிடும் பக்கத்தில் யூலாலி நின்றாள். செயின்ற் லூசியாத் தீவில் பிறந்து, சிறுபிள்ளையாகத் தாய் தகப்பனோடு இங்கே வந்தவள். தொழிற்சாலைக்குள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஒரு ஞாயிறு மாதா கோயில் பூசையில் ஒரே வாங்கில் இருக்க நேர்ந்தபோதுதான் பேச்சு வந்தது. "நீயும் கத்தோலிக்கனா?" என்று அவள் கேட்ட விதம், அதுவரை அவன் அதை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருந்தான் என்பதுபோல இருந்தது.

மூன்று வருடம் கழித்து அதே கோயிலில் கலியாணம் நடந்தது. அவன் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. மனோர் பார்க்கில் இருந்த தமக்கை அஞ்சலீனா, "எங்கட ஆக்களுக்கு என்னால முகம் குடுக்க ஏலாது தம்பி" என்று சொல்லி ரெலிபோனை வைத்தாள். பெனடிக்ற் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அல்லது எடுக்கவில்லை என்று யூலாலியிடம் சொன்னான்.

பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் ஷிப்ட் வேலை. கிழமையில் அவர்கள் ஒன்றாக வீட்டில் இருக்கும் முழுப் பகல்பொழுது சனிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு யூலாலி குசினியில் தன் தலைமுடியோடு இருப்பாள். அவளுடைய முடி வேரிலிருந்தே சுருண்டு சுருண்டு இறுகிக் கிடப்பது. ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் தோள்வரை வரும். விட்டால் காதுக்கு மேலே போய் நிற்கும். அதைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசி, காஸ் அடுப்பில் காயவைத்த இரும்புச் சீப்பால் முதலில் இழுப்பாள். பிறகு அதே அடுப்பில் சூடாக்கிய இடுக்கிபோன்ற தட்டை அயனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து நேராக்குவாள். பெனடிக்றின் வேலை பின்பக்கம் கண்ணாடி பிடிப்பது மட்டும். ஒரு தடவை உதவி செய்ய அயனைத் தொட்டபோது, "அதை வை. உனக்குப் பாண்தான் தெரியும்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டு கண்ணாடியை எடுத்தான். ஞாயிறு காலை அவள் தொப்பி வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்துபோனால், தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

தொண்ணூற்றைந்து மாசி மாதம் அவள் வேலையிடத்தில் விழுந்தாள். ஸ்ட்ரோக் என்றார்கள். வலக்கையும் வலக்காலும் விழுந்துபோயின. பேச்சும் போயிற்று. எஞ்சியது ஒரே ஒரு சொல்: நோ. தண்ணீர் வேணுமா என்று கேட்டால் நோ என்பாள். கோப்பையைக் கொடுத்தால் ஆசையாகக் குடிப்பாள். தலைக்குள் சொல்லுகள் இடம் மாறிக் கிடக்கின்றன, அவள் சொல்லும் நோ எப்போதும் இல்லை என்று அர்த்தமாகாது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் எப்போது இல்லை என்று அர்த்தம் என்று பெனடிக்ற் கேட்டான். போகப்போகப் பழகிவிடும் என்றார் டொக்டர்.

வைகாசியில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கிடந்து பின்தலை முடி கம்பளித் துண்டுபோலச் சடைபிடித்திருந்தது. அவன் இரவு ஷிப்டை விட்டு, பகலில் அரை நேர வேலைக்கு மாறினான். அவளைக் குளிப்பாட்டப் பழகினான், உடுத்தப் பழகினான், சோற்றைக் குழைத்து இடப்பக்கக் கடைவாயில் வைக்கப் பழகினான். ஆங்கிலத்தில் கேட்டாலும் அதே நோதான் என்பதால், மெல்ல மெல்லத் தன் தமிழிலேயே அவளோடு கதைக்கத் தொடங்கினான். அவளும் அதைக் கவனமாகக் கேட்பவள்போல முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் கோயிலுக்கு மட்டும் அவளைக் கொண்டுபோக முடியவில்லை. ஞாயிறு காலை சக்கர நாற்காலியைக் கதவடிக்குத் தள்ளினால், இடக்கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வாள். மற்றக் கை வேலை செய்யாது. அந்த ஒரு கையில் எவ்வளவு பலம் இருந்ததென்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு தலைச்சீலையை நெற்றிவரை இழுத்து விடுவாள். இரண்டு மூன்று ஞாயிறு இப்படிப் போனபிறகு, முடிக்காகத்தான் வெட்கப்படுகிறாள் என்று அவன் முடிவுக்கு வந்தான். அப்படி ஒரு முடிவுக்கு வந்ததே அவனுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. முடி என்றால் ஏதாவது செய்யலாம்.

யாரிடமாவது கேட்கவேண்டும்போல இருந்தது. யூலாலியின் தாய் தகப்பன் தீவுக்கே திரும்பிப் போய் அங்கேயே காலமாகிவிட்டார்கள். பல வருடத்துக்குப் பிறகு அஞ்சலீனாவுக்கு ரெலிபோன் எடுத்தான்.

"கேள்விப்பட்டனான்" என்றாள் தமக்கை. குரல் முன்னைப்போல இறுக்கமாக இல்லை. "ஆர் சமைக்கிறது?"

"நான்தான். அக்கா, அவவின்ர தலைமுடியை என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல."

"அதுக்கு ஏன் கிடந்து யோசிக்கிறாய்? ஒட்ட வெட்டிவிடு. உனக்கும் சுகம், அவவுக்கும் சுகம்."

"அவ அதுக்கு விடமாட்டா அக்கா."

"அவ சொன்னவவோ?"

பெனடிக்ற் பார்ப்பம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவளுடைய பழைய அயனை எரியும் அடுப்பில் வைத்து எடுக்க அவனுக்குப் பயம். அதனால் மின்சாரத்தில் வேலை செய்கிற ஒன்று வாங்குவதென்று டொட்டன்ஹாமுக்குப் பஸ் ஏறினான். அங்கே கறுப்பினப் பெண்களுக்கான முடிச்சாமான் கடை ஒன்று இருந்தது. உள்ளே போனால் சுவர் முழுக்க எண்ணெய்ப் போத்தல்களும் சவுரிகளும். நின்றவர்கள் எல்லோரும் பெண்கள். அவன் வாசலிலேயே தயங்கி நிற்பதைப் பார்த்த கடைக்காரப் பெண், என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"மனைவிக்கு. முடி நேராக்குகிற அயன்."

"மருந்து போட்டு நேராக்கின முடியா, சும்மா முடியா?"

"சும்மா முடி."

"எவ்வளவு சுருள்?"

அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அதன் உள்ளே இருந்த சுருள்கம்பியைக் காட்டினான். "இதைவிட நெருக்கம்."

கடைக்காரப் பெண் மேசையில் மூன்று அயன்களை எடுத்து வைத்தாள். ஒன்றின் தட்டு உள்ளங்கையளவு அகலம். நீண்ட, விரிந்த முடிக்கு அது சரி, இந்த முடிக்கு வேரடிக்குக் கிட்டப் போகாது என்றாள். இரண்டாவது சிறியது, ஆனால் போடவும் நிற்பாட்டவும் மட்டும் ஒரு சுவிட்ச். எவ்வளவு சூடு என்று அதற்கே தெரியாது, முடியைத் தீய்த்துவிடும் என்று ஒதுக்கி வைத்தாள். மூன்றாவது ஒடுக்கமான தட்டு, பிடியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சில்லு. "இதை எடு. நடுவுக்கு மேலே திருப்பாதே. முடி ஒரு சொட்டும் ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேணும், ஈரத்தில் பிடித்தால் முடி உள்ளுக்குள்ளே வெந்துபோகும். சின்னச் சின்னப் பிரிவாக எடு. முதலில் சீப்பு, பின்னால் அயன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காதே. முதலில் ஒரு கடதாசியைப் பிடித்துப் பார், மண்ணிறமாகினால் சூடு கூட."

அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"தலைத்தோலுக்குக் கிட்டப் போகும்போது பயப்படாதே" என்றாள் அவள், அயனைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே. "சுட்டால் அவளே சொல்லுவாள்."

பெனடிக்ற் காசை எண்ணிக் கொடுத்தான். அவளுக்குப் பேச்சில்லை என்று சொல்லியிருக்கலாம். பின்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவனுக்கு அந்த இடத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே தொடங்கினான். சடையை வெட்டாமல் பிரிப்பதற்கே மதியமாகிவிட்டது. கொண்டிஷனரைக் கொழகொழவென்று பூசி, விரலால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, பிறகு அகலப் பல் சீப்பை விட்டான். கையில் பந்து பந்தாக முடி வந்தது. கழுவி, ஹெயர் ட்ரையரால் காயவைத்து, உடுப்புக் கிளிப்புகளால் நாலு பாகமாகப் பிரித்துக் குத்தினான். எதிரில் கண்ணாடியைச் சாத்தி வைத்தான். யூலாலி அதில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுட்டால் மேசையில தட்டும், என்ன? நான் உடன நிப்பாட்டுவன்." தன் கையால் மேசையில் தட்டிக் காட்டினான். அவளும் இடக்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

இடப்பக்கத்திலிருந்து தொடங்கினான். கடதாசி நிறம் மாறவில்லை. ஒரு சிறு பிரிவை எடுத்து, நுனியை இழுத்துப் பிடித்து, சீப்பை முன்னால் விட்டு, அயனைப் பின்னால் கொண்டுவந்தான். முதல் தடவை பாதிச் சுருள் அப்படியே நின்றது. இரண்டாவது பிரிவைச் சிறிதாக எடுத்தான். முடி பளபளவென்று நேராக விழுந்தது. காதுக்குக் கிட்டப் போனபோது அவள் தட்டினாள். கையை எடுத்தான். சூட்டைக் கொஞ்சம் குறைத்தான். மறுபடி பிடித்தான், தட்டவில்லை. இப்படித் தட்டுவதும் நிற்பதுமாக இடப்பக்கம் முழுவதும் முடிந்தது. யூலாலி கண்ணாடியில் தலையை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வாயின் இடப்பாதி சிரித்தது. பெனடிக்றுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "நாளைக்குக் கோயிலுக்குப் போறம்" என்றான்.

வலப்பக்கத்துக்கு வந்தான். வேலை இப்போது கைக்குப் பழகிவிட்டது. அவள் ஒருதரமும் தட்டவில்லை. தன் கை நன்றாகிவிட்டது என்று நினைத்தான். இன்னும் கொஞ்சம் வேரடிக்குப் போனான். காதின் பின்னால், பிடரி தொடங்கும் இடத்தில் இருந்த குட்டைச் சுருள்களைப் பிடிக்க அயனைச் சாய்த்துப் பிடித்தபடியே சீப்பைத் தேடினான். சீப்பு அவள் மடியில் விழுந்திருந்தது. குனிந்து எடுத்தான்.

அப்போதுதான் மணம் வந்தது. எண்ணெய் காயும் மணம் அவனுக்குத் தெரியும். இது அதுவல்ல.

அயனை இழுத்தான். காதின் பின்பக்கமும் அதற்குக் கீழே கழுத்தும் நீளமாக வெளிறி, அவன் பார்த்துக்கொண்டிருக்கவே தோல் சுருங்கியது. யூலாலி அசையவில்லை. கண்ணாடியில் அதே பாதிச் சிரிப்போடு இருந்தாள். வலக்கை கால் மட்டுமல்ல, அந்தப் பக்கம் முழுவதும் அவளுக்கு உணர்வு இல்லை என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் அதைக் கையோடும் காலோடும் நிறுத்திக்கொண்டிருந்தான்.

ஈரத் துணியைக் காதடியில் வைத்துப் பிடித்தபடி அவன் விம்மத் தொடங்கினான். என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது. அவன் அழுவதை மட்டும் கண்டாள். இடக்கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். "நோ" என்றாள் மெதுவாக. "நோ, நோ."

அடுத்த நாள் கோயிலுக்குப் போகவில்லை. திங்கள் வீட்டுக்கு வந்த நேர்ஸ் புண்ணைப் பார்த்து மருந்து கட்டினாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். பெனடிக்ற் அயனைக் கொண்டுவந்து காட்டினான். அவள் அதைப் பார்த்தாள், முக்கால்வாசி நேராகவும் மிச்சம் சுருளாகவும் இருந்த தலையைப் பார்த்தாள், கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு போனாள். கிழமை முடியுமுன் கவுன்சிலிலிருந்து விசாரிக்க ஒரு பெண் வந்தாள். இளம்பெண், மரியாதையானவள். யூலாலிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உன் கணவன் உன்னை வேண்டுமென்று சுட்டானா?"

"நோ" என்றாள் யூலாலி.

பெனடிக்ற் மூச்சை விட்டான்.

"இவனோடு இருப்பது உனக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா?"

"நோ."

அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. "அவளிடம் பெயரைக் கேள்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. "உன் பெயர் யூலாலிதானே என்று கேள்."

கேட்டாள். "நோ" என்றாள் யூலாலி.

நீ லண்டனில் இருக்கிறாயா என்று கேட்டாள். அதற்கும் நோ. தனக்கு விளங்குகிறது என்றாள் கவுன்சில் பெண். உதவிக்கு ஆள் ஒழுங்கு செய்வதாகச் சொல்லி, வாசலில் அவனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனாள். அவள் நம்பிவிட்டாள். பெனடிக்றால்தான் உள்ளே திரும்பிப் போக முடியவில்லை. முதல் நோவை அவன் இல்லை என்று எடுத்துக்கொண்டான். இரண்டாவதை அர்த்தமில்லாதது என்று எடுக்கச் சொன்னான். அதை மாற்றி எடுத்தால் என்ன? தட்டச் சொன்னாலும் தலையாட்டச் சொன்னாலும் ஆமும் இல்லையும் அவளுக்கு இடம் மாறிவிடும். கேட்டுப் பார்க்க வழியே இல்லை.

உள்ளே போனபோது யூலாலி தலைச்சீலையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தாள்.

"என்னோட இருக்கப் பயமா இருக்கோ?" என்று தமிழில் கேட்டான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாக வரும் அந்தச் சொல்லும் அன்றைக்கு வரவில்லை.

அதன்பிறகு அயனை அவன் தொடவில்லை. முடியைக் கழுவி எண்ணெய் பூசி, இரண்டு தடித்த பின்னலாகப் பின்னப் பழகினான். ஒன்று எப்போதும் மேலே நிற்கும், மற்றது கீழே. யூலாலி சிலவேளை கோயிலுக்கு வந்தாள், சிலவேளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வந்த நாளுக்கும் வராத நாளுக்கும் முடி காரணமா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டில் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாது என்றார்கள். அவனுடைய முதுகும் அப்போது போய்விட்டிருந்தது. ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. பின்னேரம் வேலை முடிந்து போவான். இரண்டாம் கிழமை ஒருநாள் போனபோது, அவளுடைய தலை ஒட்ட வெட்டியிருந்தது.

"முடி எங்கே?" என்று பணிப்பெண்ணிடம் கேட்டான்.

"கழுவச் சுகம் என்று வெட்டினோம். அவளிடம் கேட்டோம், அவளுக்குச் சம்மதம்."

"என்ன சொன்னாள்?"

பணிப்பெண் யோசித்தாள். "தலையை ஆட்டினாள் என்று நினைக்கிறேன்" என்றாள்.

சண்டை பிடிக்க அவனுக்குத் திராணி இல்லை. பொறுப்பாளரைக் கண்டு, இனி வெட்டுவதானால் முதல்நாள் தனக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டான். அவர் சம்மதித்தார். சொன்னபடியே, முடி வளரும்போதெல்லாம் ரெலிபோன் வரும். பெனடிக்ற் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போவான். கத்தரி ஓடுகிற நேரம் முழுவதும் பக்கத்தில் இருந்து அவளுடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டிருப்பான். அவளும் அவன் விரல்களை இறுக்கிப் பிடித்திருப்பாள்.