ரிப்போர்ட்டுக்கு முன் கழுத்தைப் பார்த்தவர்

நசீமா தாத்தாவின் மரணச் செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ஆய்வுகூடத்தில் இரத்தக் குழாய்களுக்கு இலக்கமிட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மகள். "உம்மா மௌத்தாகிட்டாங்க மிஸ். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." மாரடைப்பு, ஐம்பத்தேழு வயது. கண்டிக்கு வெளியே ஒரு சிறிய கிளினிக்கில் பதினொரு வருடம் அவர் தாதி, நான் ஆய்வுகூடப் பொறுப்பாளர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரியான நானும் அப்படியே அழைத்தேன்.

உடல் பருத்தவர்களைத் தராசில் ஏற்றிவிட்டு ஏசும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளப்பார். "கொழுப்பு எவ்வளவு ஈக்கிங்கிறது பொறகு. எங்க ஈக்கிங்கிறதப் பாக்கணும்" என்பார். வீட்டில் யாருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, எத்தனை மணிநேரம் தூக்கம், நாள் முழுக்க உட்கார்ந்த வேலையா என்றெல்லாம் விசாரிப்பார். வீண்கதை என்று நினைத்தேன். எனக்கு எண்கள் போதும்.

பன்விலவிலிருந்து செல்வி தாயோடு வந்த நாளை அவரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயது, பல்லேகலயில் தையல் வேலை, பருத்த உடம்பு. தாய் சீனி வருத்தத்தில் இரண்டு கால்விரல்களை இழந்தவர். மகளின் பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தது. அழுக்கென்று நினைத்துத் தேசிக்காய்ச் சாறு போட்டுத் தேய்த்ததில் தோலும் உரிந்திருந்தது. வெறுவயிற்றுச் சீனி அளவு சரியாக இருந்தது. கையெழுத்திட்டேன்.

தாத்தா அந்தத் தாளோடு உள்ளே வந்தார். "கழுத்தப் பாத்தீங்களா மிஸ்?"

"நான் கழுத்தைச் சோதிக்கிறேல்லை தாத்தா. சீனி நோர்மல்."

"நோர்மலாத்தான் ஈக்கும். அத அப்படி வெச்சிக்க உள்ளுக்கு இன்சுலின் என்ன பாடுபடுதோ?"

வெளியே போய்ச் செல்வியிடம் கேட்டார். "புள்ள, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "மூணு நாளா சோறே திங்கல மிஸ். ரிப்போட்டு நல்லா வந்தா அம்மா ஏசாது."

"நோம்பு புடிக்கிற எங்களுக்கே போட்டியா?" தாத்தா சிரித்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினார். "இது ஊத்த இல்லம்மா. இன்சுலின் சொல்லு கேக்காத ஒடம்பு காட்டுற அடையாளம். இனித் தேய்க்க வாணாம்."

தாய் மகளின் சட்டைக் கொலரை மெதுவாக இழுத்துவிட்டார்.

மூன்று மாதச் சீனிச் சராசரியைச் சோதித்தோம். எல்லையைத் தாண்டத் தொடங்கியிருந்தது. என் கையெழுத்தோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தால், தாய் போன வழியில்தான் அவளும் போயிருப்பாள். தாத்தா அதை ஒருபோதும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை.

போன வருடம் அவரிடம் கேட்டேன், "நீங்களும் ஒருக்கால் சோதிச்சுப் பாருங்கோவன்."

"வாப்பாக்கும் சீனி, உம்மாக்கும் சீனி. முந்தி இருபது வருஷம் நைட் டியூட்டி. பத்தாததுக்கு இந்த வயிறு. என்னய என்னத்த மிஸ் சோதிக்கிற?"

நானும் சிரித்தேன். பிறரை வற்புறுத்துவது என் சுபாவமல்ல என்று அதோடு விட்டுவிட்டேன். சோதித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. விட்டுவிட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

செல்வி இப்போதும் தவணை தவறாமல் வருகிறாள், பட்டினி கிடக்காமல். நான் ஆய்வுகூடத்திலிருந்து வெளியே வந்து ஆளைப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன். அது தாத்தாவிடமிருந்து வந்தது. யாராவது சிரித்துச் சமாளித்தால், கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். அதைத் தாத்தாவுக்குச் செய்யாமல் விட்டதில் கற்றுக்கொண்டேன்.