சிப்பாய்க்கு ஒரு சாமந்தி மாலை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததற்கு மறு வருஷம். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. நான் அங்கே மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா வேலை. காலை வண்டியில் போய்ச் சாயங்கால பாசஞ்சரில் திரும்புவார். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் சிப்பாய்தான்.

சிப்பாய் எங்கள் நாய். ஒரு ராணுவ வண்டி அரக்கோணத்தில் தண்ணீர் பிடிக்க நின்றபோது கீழே இறங்கி, வண்டி கிளம்பியும் ஏறாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டவன். என் கணவர் தன் சாப்பாட்டு டப்பாவில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். அதோடு கதை முடிந்தது. அன்று முதல் இவரே அவனுக்குத் துரை. வெள்ளையில் பழுப்புத் திட்டு, ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். சாயங்கால பாசஞ்சருக்கு ஸ்டேஷனில் போய் நின்று இவரைக் கூட்டிவருவதை ஒரு உத்தியோகமாகவே செய்துவந்தான்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் அவன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மஞ்சள் வைத்துப் பார்த்தோம், விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தோம். அது எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்த பிறகு அரக்கோணம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"புற்றுங்க. நெஞ்சு வரைக்கும் போயிருக்கு. கத்தி வெக்கிறதுல பிரயோசனமில்ல. கஷ்டப்படும்போது கூட்டிகினு வாங்க, ஊசி போட்டுடலாம். அதுவரைக்கும் அவன் இஷ்டப்படி இருக்கட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் சிப்பாய் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வயல் வாசனையெல்லாம் பிடித்தபடி வந்தான்.

முதல் சில நாள் வீடு எழவு வீடு மாதிரி இருந்தது. அடுப்பு மூட்டும்போது அழுவேன், அரிசி களையும்போது அழுவேன். அரிசியே ரேஷனில் அளந்து வரும் காலம். அதில் அவனுக்கென்று நெய் விட்டுப் பிசைந்து வைப்பேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். 'உனக்கு என்ன உடம்பு?' என்று கேட்கிற மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆனதும் எழுந்து உதறிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவான். வியாதி அவனுக்கு, படுத்துக் கிடந்தது நாங்கள் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அப்புறம் நாங்களும் எழுந்தோம். அந்தக் கோடையைப் போல நாங்கள் சந்தோஷமாக இருந்த காலம் வேறு கிடையாது என்றுகூடச் சொல்வேன். லீவு நாளில் மூவரும் நந்தியாற்றுக்குப் போவோம். ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணலைத் தோண்டினால் ஈரம் இருக்கும். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளம் தோண்டுவார், சிப்பாய் அதில் வயிற்றை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் நீண்டால் வாசற்படியில் படுத்தபடி ஒரு பெருமூச்சு விடுவான். சபை முழுக்கக் கேட்கும். நான் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொள்வேன்.

ஒன்றுதான் மாறியது. நடை தளர்ந்தது. அதை அவனே கணக்குப் போட்டுக்கொண்டான். முன்பு வண்டி ஊதும்போது ஓடுவான். பிறகு அதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினான். கடைசியில் மத்தியானச் சாப்பாடு ஆனதுமே கிளம்பிவிடுவான். வழியில் மலையடிவாரத்தில் ஒரு பூக்காரம்மாவின் கடை உண்டு. அவள் பலகைக்கு அடியில், பூக்கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தில் படுத்துக் களைப்பாறிவிட்டு மீதி தூரம் நடப்பான்.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய தாத்தா காலத்தில் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த குடும்பம். ஊரே முருகன் ஊர், இவர் மட்டும் அடுத்த வீட்டுப் பொங்கலைக்கூட வாங்கமாட்டார். சாமிக்குப் போகிற பூ என்று என்னை அந்தக் கடையில் ஒரு முழம் வாங்க விட்டதில்லை. தினம் இரண்டு வேளை அவள் கடையைத் தாண்டிப் போகிறவர், முகத்தைத் தண்டவாளப் பக்கம் திருப்பிக்கொண்டே போவார். பூக்காரம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "உங்க ஊட்டுக்காரர் பாத்தா என் பூ வாடிடுமா, இன்னா டீச்சரம்மா?" என்று என்னிடம் கேட்பாள். சிப்பாயையும் ஓயாமல் திட்டுவாள். திட்டிக்கொண்டே ஈரச் சாக்கை அவன் பக்கம் தள்ளிவிடுவாள்.

கட்டி பெரிதானதும் கழுத்துப் பட்டை உராய்ந்து புண்ணாயிற்று. என் கணவர் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். நாய்க்கு வரி கட்டினதற்குப் பஞ்சாயத்து போர்டில் கொடுத்த பித்தளை வில்லை அந்தப் பட்டையில்தான் கோத்திருந்தது. வில்லை இல்லாத நாய் தெருநாய்க் கணக்கு. ஊரே தெரிந்த நாய்க்கு வில்லை எதற்கு என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டம் கூடுவதற்குமுன் போர்டு ஆட்கள் தெருநாய்களைப் பிடித்துப்போவது வழக்கம். பிடித்தவை திரும்பி வராது. வருஷா வருஷம் பார்க்கிறதுதான், ஆனால் அது எங்கள் வீட்டுச் சமாசாரம் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. மத்தியானக் கடைசி வகுப்பில் இருக்கும்போது பள்ளிக்கூட ஆயா மூச்சிரைக்க வந்தாள்.

"டீச்சரம்மா, நாய் வண்டி ஸ்டேஷன் ரோட்டுல வந்துகினு இருக்குது. உங்க சிப்பாய் பூக்கடையாண்ட படுத்துகினு இருக்கான்!"

புத்தகத்தைப் போட்டது போட்டபடி ஓடினேன். நேரே கடைக்குப் போகாமல் முதலில் வீட்டுக்கு ஓடிப் பட்டையை எடுத்துக்கொண்டேன். வில்லையைக் காட்டாமல் விடமாட்டார்கள். மடிசஞ்சி மாமிகள், காவடிக்காரர்கள், ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த மொட்டைத் தலைகள் எல்லோரையும் இடித்துக்கொண்டு ஓடினேன். 'ஆண்டவரே, அவன் எங்கள் கையில் சாகட்டும், அந்தக் கூண்டில் வேண்டாம்' என்பது ஒன்றே ஜெபம்.

போய்ப் பார்த்தால் கடை முன்னால் கூண்டு வண்டி நிற்கிறது. இரும்பு இடுக்கியோடு ஒருவன் நிற்கிறான். பலகைமேல் சிப்பாய் உட்கார்ந்திருக்கிறான். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, முதுகில் விபூதிப் பட்டை, கழுத்தில் கட்டி முழுக்க மறையும்படி தடித்த சாமந்தி மாலை. யாரோ காவடிக்காரர்கள் சொல்லிவைத்திருந்த மாலையாம் அது.

"தொட்டுப் பாரு! மலைமேல பைரவர் சன்னதி நாய்டா இது. கிருத்திகைக்குக் கீழ எறங்கி வந்திருக்குது. தொட்டுட்டு நீ ஊடு போய்ச் சேருவியா?" என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இடுக்கிக்காரனுக்குப் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். சுற்றிப் பார்த்தவன், வெள்ளைப் புடவையும் கண்ணாடியுமாக வந்து நின்ற என்னைப் பார்த்துவிட்டான்.

"படிச்சவங்க நீங்க சொல்லுங்கம்மா. நெசமா இது கோயில் நாய்ங்களா?"

என் கையில் வில்லை இருக்கிறது. காட்டினால் சட்டப்படி நாய் எங்களுடையது. ஆனால் கோயில் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னாள் என்று அந்தத் திருநாள் கூட்டம் பூக்காரம்மாவைச் சும்மா விடுமா? அவள் என்னைப் பார்த்தாள். நான் பட்டையை முந்தானையில் சுருட்டிக்கொண்டேன்.

"ஆங், பைரவர் நாய்தான்" என்றேன்.

அவன் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டான். சிப்பாய் பெரிய மனுஷன் மாதிரி அதை வாங்கிக்கொண்டான். வண்டி போனதும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பூக்காரம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"அரளி மாலதான் மொதல்ல கைக்கு வந்துச்சு. இவன் மென்னு தொலச்சான்னா வெஷம்னு சாமந்தியப் போட்டேன். வியாதிக்கார நைனாடா நீ, என் யாவாரத்தையே கெடுத்துட்ட" என்று அவன் தாடையைப் பிடித்து ஆட்டினாள்.

இனிமேல்தான் எனக்குப் பயம். பாசஞ்சர் வரும் நேரம். குங்குமத்தைத் துடைத்துவிடலாம் என்று பார்த்தால் நாய் வண்டி இன்னும் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்திலேயே சிப்பாய் ஸ்டேஷனுக்கு நடந்தான். நான் பின்னால் போனேன்.

என் கணவர் பாசஞ்சரிலிருந்து இறங்கி அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு பண்ண வேலை இது?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிளாட்பாரக் குழாயில் நனைத்தார். குனிந்தார். போச்சு, துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிப்பாயின் வாயோரத்து எச்சிலைத் துடைத்தார், மண் ஒட்டிய பாதங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். குங்குமத்தைத் தொடவில்லை.

வரும் வழியில் பூக்கடை முன்னால் நின்றார். எனக்குத் தெரிந்து முதல் தடவை.

"நாய் வண்டி இன்னும் எத்தினி நாளைக்குச் சுத்தும்மா?"

"தெப்பம் முடியற வரைக்கும் சுத்துங்க ஐயா."

"அதுவரைக்கும் தெனம் ஒரு மாலை போட்டுடு" என்றார்.

திருநாள் முழுக்க மாலையோடு எங்கள் நாய் ஊரை வலம்வந்தது. வேற்றூர்க்காரர்கள் பழம் வைத்தார்கள். அவன் தின்றதைவிட என் கணவர் சிரித்ததுதான் அதிகம். திருநாள் போய் மழை வந்தது. அவன் நடக்க முடியாமல் போனதும் நான் மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்காருவேன். வண்டி ஊதினால் மடங்கின காது நிமிரும். ஒரு காலைப்பொழுதில் ஊதியபோது நிமிரவில்லை. ஊசிக்குத் தேவையில்லாமல் போயிற்று.

கொல்லையில் வேப்பமரத்தடியில் அவர் குழி வெட்டினார். பூக்காரம்மா வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். கையில் சாமந்தி மாலை.

"உங்க வழக்கம் தெரியும் ஐயா. இங்கயே வெச்சிட்டுப் போறேன்."

அவர் மண் கையைக் கழுவிக்கொண்டு போய், இரண்டு கையும் நீட்டி அதை வாங்கினார். "உள்ள வாம்மா" என்றார். அவரே மாலையை அவன் கழுத்தில் போட்டார், கட்டி தெரியாதபடி சரிசெய்தார். பிறகு நாங்கள் ஜெபம் செய்தோம். அவள் பக்கத்தில் கைகூப்பி நின்று வேறு என்னவோ சொன்னாள்.

அவர் போய்ச்சேர்ந்தும் பல வருஷம் ஆகிறது. சாமந்தி வாசனை வரும்போதெல்லாம், எங்கள் நாய் எங்கள் மடியிலேயே கண்ணை மூடட்டும் என்று தன் சாமியையே காவலுக்கு நிறுத்திய அந்தப் பூக்காரம்மாவுக்காக நான் இன்றைக்கும் ஜெபம் செய்கிறேன்.