பொட்டு வைத்த கிட்டார்

வயிறே இல்லாத ஒரு வாத்தியம் எப்படிப் பாடும் என்பதுதான் அந்த நவராத்திரி முழுவதும் என் கவலை. ஆடுகோடிப் பட்டறை ஒன்றில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, எலக்ட்ரிக் கிட்டாரைத் துண்டு துண்டாக வாங்கி வந்து, எங்கள் ஒற்றை அறை வீட்டிலேயே பூட்டத் தொடங்கியிருந்தார். அதன் உடம்பு வெறும் கனத்த பலகை. தட்டினால் கதவைத் தட்டியதுபோலத்தான் கேட்டது. அதை உப்புத்தாளால் தேய்த்து, துணிக்கொடியில் தொங்கவிட்டு அவர் லாரிச் சிவப்பை அடித்தபோது, நான் சோற்றை மறந்து நின்றேன். மரம் மெல்ல மெல்லக் கண்ணாடியாகி, அதற்குள் எங்கள் ஜன்னல் தெரிந்தது.

"சொந்த கிட்டாரோட வா, சேத்துக்கறேன்" என்று ஓர் ஆர்கெஸ்ட்ராக்காரர் சொல்லியிருந்தார். ஆயுத பூஜை சாயங்காலம்தான் கெடு. அன்று காலை சித்தப்பா கம்பிகளை ஏற்றி, இரவல் ஸ்பீக்கரில் செருகினார். கிட்டார் 'ம்ம்ம்' என்று உறுமியதோடு சரி. எவ்வளவு மீட்டியும் வேறு பேச்சில்லை. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் ராடு கேட்டுப் பக்கத்து ரேடியோ கடைக்கு ஓடினார்.

அதற்குள் அம்மா பூஜையை ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் ஆட்டோ, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, என் புத்தகப்பை என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், கிட்டாரை மட்டும் விடுவாளா? நெற்றி என்று அவளுக்குத் தோன்றிய இடத்தில் பெரிதாகவே வைத்தாள். காய்ந்ததுபோலத் தெரிந்த பெயிண்ட் உள்ளே இன்னும் இளகித்தான் இருந்தது. சித்தப்பா வந்து துணியால் ஒற்றினார். பொட்டு நகரவில்லை, சுற்றியிருந்த சிவப்புதான் இழுபட்டது.

"ஐயோ தம்பி, உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே!" அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். படைத்த சுண்டலைத் தொடவேயில்லை.

சித்தப்பா கிட்டாரின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஓர் ஒயர் விட்டுப்போயிருந்தது. ஈயம் வெள்ளித் துளியாக உருண்டு அதைப் பிடித்துக்கொண்டதை மூச்சுவிடாமல் பார்த்தேன். மூடியைப் பூட்டிவிட்டு அவர் கூப்பிட்டார்.

"அண்ணி, வந்து ஒரு கம்பிய இழுங்க."

"நான் தொட்டது போதாதா?"

"இழுங்க அண்ணி."

அம்மா ஒற்றை விரலால் இழுத்தாள். அலமாரித் தட்டுகள் அதிர்ந்தன. தரை வழியாக ஏறி என் நெஞ்சுக்குள் புகுந்தது அந்தச் சத்தம். கதவுப் பலகை மாதிரி இருந்தது பாடிவிட்டது.

"பாத்தீங்களா? காத்தாலேர்ந்து ஊமையா கெடந்துச்சி. நீங்க பொட்டு வெச்சப்புறந்தான் வாயத் தொறக்குது" என்றார் சித்தப்பா.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மின்சுற்றுப் பாடம் வேறு அப்போதுதான் முடிந்திருந்தது. "இல்லம்மா, ஒயரு..." என்று தொடங்கியதுமே சித்தப்பா ஒரு பிடி பொரியால் என் வாயை அடைத்தார்.

"பண்டிகையும் அதுவுமா பொரி தின்னாம இன்னாடா பேச்சு?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சுண்டல் கிண்ணத்தை எடுத்தாள். சாயங்காலம் சித்தப்பா பொட்டை மறைக்காமலே கிட்டாரை மாட்டிக்கொண்டு போய், ஆர்கெஸ்ட்ராவில் இடம் பிடித்துவிட்டு வந்தார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய அதிசயத்தைச் செய்தவருக்குக் கரன்ட் ஒயரில்தான் ஓடும் என்பது தெரியவில்லையே! லீவு முடிந்ததும் அந்தப் பாடத்தை அவருக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும் என்று முடிவு செய்தேன்.